பதில் மணி

மருந்தகத்தின் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்ட நாளில், பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் யாரும் கலங்கவில்லை. கலங்கத்தக்க சொல் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. மேலே கன்னடத்திலும் கீழே தமிழிலுமாக அது இவ்வாறு கூறியது: "வட்டார நலவாழ்வு வாரியத்தின் சேவைச் செறிவூட்டல் நடவடிக்கையின் ஒரு பகுதியாக, இம்மையத்தின் சிகிச்சை வசதிகள் மேம்பட்ட அணுகலை முன்னிட்டு ஒருங்கிணைக்கப்படவுள்ளன. பயனாளிகள் தங்கள் கருத்துகளை முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம்."

சுரங்கத் தொழிலாளருக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் சங்கத் தலைவரான தசரதன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கன்னடத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் படித்தார்.

"இன்னா போட்டுகீதுண்ணா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"ரெண்டு பாஷையில போட்டுகீறாங்க. ரெண்டுலயும் எனக்குப் புரியல."

"அப்போ நாம இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். புரியாத மணிக்கு நாம எப்பனா கேஜ நகர்த்தினோமா? சும்மா இருங்க. அவங்களே வந்து தெளிவாச் சொல்லட்டும்."

எல்லோரும் தலையசைத்துவிட்டுக் கலைந்தார்கள். அந்த விடை அவர்களுக்கு முழுமையாகப் புரிந்தது. ஏனெனில் அவர்களில் பாதிப்பேர் சுரங்கத்தில் இறங்கியவர்கள், மீதிப்பேர் இறங்கியவர்களின் பிள்ளைகள்.

சுரங்கம் மூடப்படும்வரை தசரதன் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். சுரங்கக் குழியாகிய ஷாஃப்ட்டின் தலைமாட்டில் ஓர் அறையில் அமர்ந்தபடி, ஆட்கள் நிற்கும் இரும்புக் கூண்டாகிய கேஜைக் கயிற்றால் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. பாதாளத்தில் நடப்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து வருவது மணி ஓசை மட்டுமே. கீழிருந்து மூன்று அடி கேட்டால், ஆட்கள் ஏறப் போகிறார்கள் என்று பொருள். கேட்ட மாத்திரத்தில் அவர் கயிற்றை இழுத்துவிட மாட்டார். தாம் கேட்டதை அப்படியே கீழே திருப்பி அடிப்பார். அதற்குப் பதில் மணி என்று பெயர். 'நீ சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?' என்பது அந்த மணியின் கேள்வி. கீழே இருப்பவர் சரி என்று உறுதி செய்த பிறகே கூண்டு அசையும். மணி குழறினாலும், பதில் வராவிட்டாலும், கூண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த ஆழத்தில் மௌனத்துக்கு ஒரே பொருள்தான் இருந்தது: நகராதே.

ஆகவே கோரமண்டல் முப்பது நாட்கள் மௌனமாக இருந்தது. தான் மிகத் தெளிவாக ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பதாகவும் நம்பியது. வேறெந்த ஊர்க்காரர்களும் இப்படியொரு தவற்றைச் செய்திருக்க மாட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் இரண்டாவது தாள் ஒட்டப்பட்டது. "ஆட்சேபணை எதுவும் பெறப்படாததால், பயனாளிகளின் ஒருமித்த இசைவுடன், மேற்படி ஒருங்கிணைப்பு வரும் மாதம் முதல் தேதியன்று நடைமுறைக்கு வரும்."

இந்த முறை தாளுக்குப் பொருள் சொன்னவர் மருந்தகத்தின் செவிலியர் கரோலின். பதினோரு ஆண்டுகளாக அங்கே ஊசி போட்டு, கட்டுக்கட்டி, காய்ச்சல் பார்த்து வருபவர்.

"அங்கிள், காலையில ஆபீஸ்லேர்ந்து போன் வந்திச்சி. ஆக்சிஜன் மெஷின், ஜெனரேட்டர், கட்டில் எல்லாத்துக்கும் லிஸ்ட் கேட்டாங்க. ராபர்ட்சன்பேட்டைக்குப் போவுதாம்."

"அவ்ளோதானா?"

"இந்தப் பூட்டுக்கு எத்தினி சாவின்னும் கேட்டாங்க."

தசரதன் பூட்டைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த கதவின் வழியாக உள்ளே பார்த்தார். அங்கே கட்டிலில் சாய்ந்தபடி, மூக்கில் குழாயோடு, பெருமாள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

தசரதன் மேலே இருந்து கேட்ட மணிகளில் பெரும்பாலானவற்றைக் கீழே இருந்து அடித்தவர் இந்தப் பெருமாள்தான். நேரில் பார்த்துப் பேசிக்கொள்வதற்கு முன்பே ஓராண்டுக் காலம் அவர்கள் மணியாலேயே பழகியிருந்தார்கள். ஆழத்தின் கல்தூசி பெருமாளின் நுரையீரலில் தங்கிவிட்டது. இப்போது அவருக்கு எழுபது வயது. வாரத்தில் மூன்று நாட்கள் இந்த இயந்திரத்தின் காற்று கிடைத்தால் மீதி நாட்களை ஓட்டிவிடுவார். அவர் வீட்டு வாசலிலிருந்து மருந்தகத்துக்கு அறுபத்திரண்டு அடி. நடுவில் குழாயடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நிற்பார். அதற்கு மேல் ஓர் அடி என்றாலும் அவரால் ஆகாது. இயந்திரத்தை வீட்டில் வைக்கலாமென்றால், லைன் வீட்டின் பழைய ஒயர்கள் அதைத் தாங்கா. மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரும் அங்கில்லை. சாலையின் ஏற்ற இறக்கங்களில் ஆட்டோ குலுங்க ராபர்ட்சன்பேட்டைக்குச் சென்று வருவது என்பது, ஒருமுறை முயன்று பார்த்து, பாதி வழியில் அவர் முகம் நீலம் பாய்ந்து திரும்பி வந்த கதை.

தசரதன் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னாடா மூஞ்சி தொங்கிக்கினு கீது? ரோப்பு அறுந்துபூட்ச்சா?" என்றார் பெருமாள்.

"நான்தாண்ணா எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னேன். அத்த அவங்க சம்மதம்னு எழுதிக்கினாங்க."

பெருமாள் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது. அவர் மனைவி சரோஜம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"ஒரு கதை சொல்றேன் கேளு," என்றார் பெருமாள், இருமல் தணிந்ததும்.

"கதையெல்லாம் வேணாம். மூச்ச இஸ்து வுடு," என்றார் சரோஜம்மா.

"இஸ்து வுட்டுக்கினேதான் சொல்றேன். ஒரு ஓநாய்டா. அதுக்கு ஒரு முனிவர் சாபம். ஒவ்வொரு பொய்க்கும்... ஒரு பல்லு வுழும். மொதல் வாரத்துலயே நாலு பல்லு போச்சி. அதுலேர்ந்து அது பொய்யே சொல்றதில்ல. தெனம் காலையில ஆடுங்க வந்து கேக்கும், 'இன்னாங்க, நேத்து இருந்தவன் இன்னிக்கி இல்லியே'ன்னு. ஓநாய் சொல்லும், 'மந்தை சீராயிக்கினு வருது. புல்லுக்குப் போட்டி குறைஞ்சிகீது. மீதி இருக்கறவங்களுக்கு நெழல் ஜாஸ்தி.' எல்லாம் நெசம்தானே? பல்லு வுழல. ஆடுங்களும் சந்தோசமா... தலைய ஆட்டிக்கினு போச்சுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் மூச்சு தீந்துபூட்ச்சி. மீதி இன்னொரு நாளைக்கி."

மறுநாள் தசரதன் ராபர்ட்சன்பேட்டைக்குப் போனார். கடைத்தெருவின் இரைச்சலுக்கு மேலே, மாடியில் இருந்தது வாரியத்தின் கிளை அலுவலகம். அதிகாரியின் பெயர் நாகேஷ். ஐம்பதை நெருங்கும் வயது, தன்மையான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார்; விசிறியைத் தசரதனின் பக்கம் திருப்பி வைத்தார்.

"உட்காருங்க ஐயா. டீ சொல்லட்டுமா? வெயில்ல வந்திருக்கீங்க."

தேநீர் வரும்வரை அவர் பேசியதெல்லாம் நல்ல மனிதர்களின் பேச்சாகவே இருந்தது. தசரதன் கேள்வியைக் கேட்டதும் அவர் குரல் மாறியது. யாரோ எழுதித் தந்த தாளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"மருந்தகத்த மூடப் போறீங்களா சார்?"

"மூடுதல் என்ற சொல்லே எங்கள் கோப்பில் கிடையாது, ஐயா."

"அப்போ தொறந்திருக்கும்."

"கட்டடத்தைப் பற்றிய நோக்கிலிருந்து சேவையைப் பற்றிய நோக்குக்கு நாம் நகர வேண்டும். சேவை தொடரும்."

"எங்க தொடரும்?"

"அணுகத்தக்க மையத்தில்."

"யாருக்கு அணுகத்தக்க?"

"பயனாளிகளின் பெரும்பான்மைக்கு."

தசரதன் தேநீரைக் குடித்து முடித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. பனிமூட்டத்தைக் கையால் பிடிக்கப் போனவரின் களைப்புத்தான் வந்தது. எதிரில் இருப்பவர் பொய் சொல்லவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால் பிடித்திருக்கலாம்.

விடைபெறும்போது நாகேஷ் பழைய குரலுக்குத் திரும்பினார். "ஐயா, வெள்ளிக்கிழமை உங்க இடத்துலயே ஒரு கூட்டம் வெச்சிருக்கோம். சும்மா ஒரு வழக்கம்தான். கூட்டக் குறிப்புல சங்கத் தலைவர் கையெழுத்து வேணும். அது வந்தாத்தான் சாமான் ஏத்த லாரி அனுப்புவாங்க. நீங்க இருங்க, சரியா?"

"இருக்கேன் சார்," என்றார் தசரதன்.

திரும்பி வரும் பேருந்தில் அவர் ஒன்றைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தார். பணியில் இருந்த காலத்தில் தமக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாதிருந்தும், ஒரு நாளும் ஒருவரையும் அவர் தவறான இடத்தில் இறக்கியதில்லை. அது அவருடைய கூர்மையால் நடந்ததன்று. கேட்டதைத் திருப்பிக் கேட்டதால் நடந்தது.

வெள்ளிக்கிழமை முற்பகலில் மருந்தகத்தின் முன்கூடத்தில் நாற்பது பேர் கூடினார்கள். நாகேஷுடன் பவ்யா என்ற இளம் பெண் வந்திருந்தாள். கூட்டக் குறிப்பு எழுதுவது அவள் பொறுப்பு. அன்று பெருமாளுக்குக் காற்று பிடிக்கும் நாள் என்பதால் அவர் உள் அறையில் கட்டிலில் இருந்தார். கதவு திறந்திருந்தது. இயந்திரத்தின் சீரான மூச்சொலி கூடம்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

நாகேஷ் கால் மணி நேரம் வாசித்தார். செறிவூட்டல் வந்தது, அணுகல் வந்தது, வளங்களின் உகந்த பகிர்வு இரண்டுமுறை வந்தது. அவர் முடித்தபோது கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. "நல்லது. ஆட்சேபணை ஏதும் இல்லையென்றால்..." என்று அவர் பவ்யாவின் பக்கம் திரும்பினார்.

தசரதன் எழுந்தார்.

"சார், எங்க ஷாஃப்ட்டுல ஒரு வழக்கம். காதுல வுழுந்தத திருப்பிச் சொல்லிட்டுத்தான் வேலையத் தொடுவோம். நீங்க சொன்னத நான் எனக்குப் புரிஞ்சாப்ல சொல்றேன். சரியா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

"தாராளமா சொல்லுங்க ஐயா."

"ஒண்ணாந்தேதிலேர்ந்து இந்த மருந்தகம் மூடிப்பூடும். சரியா?"

"அவ்வளவு எளிமையாக அதைச் சுருக்கிவிட இயலாது."

"சரி, நான் தப்பாப் புரிஞ்சிக்கினேன். இந்த மருந்தகம் மூடாது. சரியா?"

"அவ்வாறும் உறுதி கூறுவதற்கில்லை."

பின் வரிசையிலிருந்து ஒரு கிழவர், "மேலயும் வரல, கீழயும் போவல. கேஜு நடுவுல தொங்குது டோய்!" என்றார். கூடம் சிரித்தது. நாகேஷும் புன்னகை செய்தார். தசரதன் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார். உள்ள பெருமாளண்ணன் கீறாரு. வாரத்துல மூணு நாளு அந்த மெஷின்லதான் அவருக்கு மூச்சு. அவரால அறுபத்திரண்டு அடிதான் நடக்க முடியும். ராபர்ட்சன்பேட்டைக்கு அவரால வர முடியாது. ஒண்ணாந்தேதிக்கு அப்புறம் அவருக்கு மூச்சு கிடையாது. நீங்க கால் மணி நேரம் சொன்னது இதான்னு நான் புரிஞ்சிக்கினேன். சரியா?"

நாகேஷ் வாயைத் திறந்தார். "மாற்று அணுகல் ஏற்பாடுகள்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். இயந்திரத்தின் ஓசை மட்டும் கேட்டது. இழுத்தது, விட்டது.

சரோஜம்மா கதவருகே வந்து நின்றார். "சொல்லுங்க சார். ஆமான்னா ஆமான்னே சொல்லுங்க. நான் உங்கள ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும்."

நாகேஷ் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பவ்யாவின் பேனா தாளின்மேல் நின்றது. அவள் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்: "சார், இத்த எப்படி எழுதறது?"

"கருத்துகள் பதிவு செய்யப்பட்டன என்று எழுதும்மா."

"அவரு கருத்துச் சொல்லலியே சார். கேள்வி கேட்டாரு. கேள்விய எழுதிட்டேன். கீழ பதிலுக்கு எடம் விட்டிருக்கேன். அதுல இன்னா போடறது?"

அவள் துடுக்காகக் கேட்கவில்லை. அந்தப் படிவத்தில் அப்படித்தான் கட்டம் இருந்தது.

தசரதன் சொன்னார்: "பதில் வரலன்னே எழுதும்மா. சார், நாங்க முப்பது நாளு வாயத் தொறக்கல. அத்த நீங்க ஆமான்னு எழுதிக்கினீங்க. உங்க மேல தப்பில்ல. உங்க ஆபீஸ்ல அப்படி வழக்கம். எங்களுக்கு அது தெரியல. எங்க வழக்கத்துல பதில் வரலன்னா நகராதேன்னு அர்த்தம். இப்ப நீங்க வாயத் தொறக்கல. இத்த எந்த வழக்கத்துல எழுதிக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

நாகேஷ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத அவர் முகம் மேலும் பத்து வயது மூத்ததாகத் தோன்றியது. அவர் உள் அறையின் பக்கம் திரும்பினார். அங்கிருந்து பெருமாள், குழாயோடு, கையை உயர்த்தி வணக்கம் சொன்னார். நாகேஷும் கைகுவித்தார்.

"ஐயா," என்றார், அலுவலகத்தில் தேநீர் வருவதற்கு முன்பிருந்த குரலில். "எனக்கு வந்த கடிதத்துலயும் மூடறதுன்னு இல்ல. ஒருங்கிணைப்புன்னுதான் இருக்கு. அதுக்கு மேல நானும் கேக்கல. கேக்கக் கூடாதுன்னு இல்ல. கேக்காம இருந்துட்டேன்." பவ்யாவிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டார். "அந்தக் கடைசிக் கேள்விய மறுபடி சொல்லுங்க. மெதுவா."

தசரதன் சொல்லச் சொல்ல, அவர் தம் கையாலேயே எழுதினார். பிறகு உரக்கப் படித்துக் காட்டினார்: "ஒன்றாம் தேதிக்குப் பிறகு பெருமாள் என்பவருக்கு மூச்சுச் சிகிச்சை கிடைக்காது. இது வாரியத்தின் முடிவா? ஆம் அல்லது இல்லை என்று கையெழுத்துடன் பதில் தருமாறு வேண்டுகிறேன். பதில் வரும்வரை எப்பொருளும் இங்கிருந்து நகர்த்தப்படாது." படித்து முடித்துவிட்டு, "சரியா?" என்று கேட்டார்.

"சரி," என்றார் தசரதன். அதன் கீழே கையெழுத்திட்டார்.

ஒன்றாம் தேதி வந்தது; லாரி வரவில்லை. பத்தாம் தேதி வாரியத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கரோலின் அதை உறையிலிருந்து எடுத்துப் படித்தார்: "மேற்படி பொருள் உரிய மட்டத்தில் பரிசீலனையில் உள்ளது." இரண்டு மாதங்களில் அதே வாசகத்துடன் மேலும் இரண்டு கடிதங்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கையெழுத்து. வாரியத்தின் கோப்பில் ஒருங்கிணைப்பு என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட ஆறு அதிகாரிகள் முன்வந்த இடத்தில், ஒரு மனிதரின் மூச்சை நிறுத்துவதற்கு ஆம் என்று எழுத ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

மூன்றாவது கடிதம் வந்த நாளும் பெருமாளுக்குக் காற்று பிடிக்கும் நாளாகவே அமைந்தது.

"இதுக்கு இன்னா அர்த்தம் அங்கிள்? மெஷின் இருக்குமா, போவுமா?" என்று கரோலின் கேட்டார்.

"மணி தெளிவா இல்லம்மா," என்றார் தசரதன். "அதனால கேஜு நிக்குது. நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். பெருமாளின் முகத்தில் அன்று நல்ல தெளிவு இருந்தது.

"அண்ணா, அந்த ஓநாய் கதை பாதியில நிக்குது."

"ஆமால்ல?" பெருமாள் இரண்டு மூச்சு சேர்த்துக்கொண்டார். "ஒரு கெழட்டு ஆடு இருந்திச்சிடா. அது ஒரு நாளு ஓநாய் முன்னால போயி நின்னுக்கினு, 'அய்யா, நீங்க சொன்னத நான் எனக்குப் புரிஞ்சாப்ல சொல்றேன். நேத்து ராத்திரி எங்க ஆள்ல ஒருத்தன நீங்க தின்னுட்டீங்க. ஆமாவா இல்லியா?'ன்னு கேட்டுது. இல்லன்னா பல்லு வுழும். ஆமான்னா மந்தை ஓடிப்பூடும்."

"ஓநாய் இன்னா பண்ணுச்சி?"

"இன்னா பண்ணும்? வாய இறுக்கி மூடிக்கினு உக்காந்துட்ச்சி. வாயத் தொறக்காத ஓநாய்... எத்தடா திங்கும்?"

தசரதன் வாய்விட்டுச் சிரித்தார். மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த கரோலினும் சிரித்துவிட்டார். சரோஜம்மா மட்டும் கணவரின் மூக்கில் நகர்ந்திருந்த குழாயைச் சரிசெய்தபடி கேட்டார்:

"பசி ஜாஸ்தியாச்சின்னா மறுபடியும் வருமில்ல?"

"வரட்டுமே," என்றார் பெருமாள். "திருப்பிக் கேக்கறதுக்கு ஆடு கீதில்ல."

"சரி சரி. கதை முடிஞ்சிதில்ல? மூச்ச இஸ்து வுடு."

அவர் இழுத்து விட்டார்.